மூன்று முறை ஹாரன்

சின்னவனின் கைக்கட்டை இன்று பிரிக்கிறார்கள். போன வாரம் அவன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, இரண்டு கையிலும் வெள்ளைத் துணி உருண்டையோடு, "மூக்கு அரிக்குது, யாராவது சொறிஞ்சு விடுங்க" என்று நர்ஸைக் கெஞ்சிக்கொண்டிருந்த இடத்தில் நிறுத்தியிருந்தேன். படித்துவிட்டுச் சிரித்ததாகப் பலர் எழுதியிருக்கிறீர்கள். சிரித்த வரைக்கும் லாபம். இந்த வாரம் அதற்கு இடம் குறைவு.

ஒரு வாசகி மட்டும் சிரிக்கவில்லை. "அந்தப் பம்ப்காரர் ஏன் வீட்டில் வாயே திறப்பதில்லை?" என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. பம்ப்காரரின் மனைவிக்கும் அதே சந்தேகம்தான்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பம்ப்காரர் தீயணைப்பு நிலையத்தில் வேலை செய்கிறவர். தீப்பிடித்த இடத்தில் வண்டியோடு வெளியே நின்று, உள்ளே குழாய் பிடித்திருப்பவர்களுக்குத் தண்ணீர் அனுப்புவது அவர் பொறுப்பு. மனைவி கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். நிலையத்து ஆட்கள் அவளுக்குக் கண்ணாடிக்காரி என்று பேர் வைத்துவிட்டார்கள். அவளுடைய தம்பிதான் சின்னவன், அதே நிலையத்தில் குழாய் பிடிக்கிறவன். மகள் வாண்டுவுக்கு ஏழு வயது. அவளுக்கு வலிப்பு எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது, அதனால் தனியாக விடவும் முடியாது.

அந்த நிலையத்தில் ஒரு நாள் முழுக்க வேலை, இருபத்துநாலு மணி நேரமும். அப்புறம் இரண்டு நாள் வீடு. அத்தானும் மச்சானும் வேறு வேறு குழுவில் இருந்ததால், ஒருவர் நிலையத்தில் இருக்கும் நாளில் மற்றவர் வாண்டுவோடு இருப்பார். கண்ணாடிக்காரி நிம்மதியாகக் கடைக்குப் போய்வருவாள். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது கொடுமையான வேலை நேரம். இந்த வீடு நின்றுகொண்டிருந்ததே அதன் மேல்தான்.

அப்புறம் பஞ்சுக் கிடங்கு எரிந்தது. சின்னவன் உள்ளே இருக்கும்போது தண்ணீர் நின்றுபோனது. உயிரோடு வெளியே வந்தான், ஆனால் அவன் கைகளைப் பார்த்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

தொட்டியில் தண்ணீர் கால் பங்குக்கு இறங்கினால் பம்ப்காரர் மூன்று முறை ஹாரன் அடிக்க வேண்டும். உள்ளே இருப்பவர்கள் குழாயைப் போட்டுவிட்டு வெளியே வந்துவிடுவார்கள். தான் அன்று ஹாரன் அடித்ததாகவும், எரிகிற இரைச்சலில் உள்ளே கேட்டிருக்காது என்றும் பம்ப்காரர் சொன்னார். எல்லாரும் நம்பினார்கள். இருபது வருஷமாகப் பம்பில் நிற்கிறவர் சொன்னால் நம்பாமல் என்ன செய்வார்கள்?

விபத்து நடந்தால்தான் தலைமை அலுவலகத்துக்கு முழிப்பு வரும். இத்தனை நீளமான வேலை நேரம் தேவைதானா, எட்டு எட்டு மணி நேரமாக மாற்றிவிடலாமா என்று விசாரிக்க இன்று பிற்பகல் ஒரு குழு நிலையத்துக்கு வருகிறது. குடும்பத்தாரும் வந்து பேசலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். பழைய முறையே வேண்டும் என்று எல்லார் சார்பிலும் பேச ஆட்கள் தேர்ந்தெடுத்திருப்பது நம் பம்ப்காரரைத்தான்.

காலையில் அவர் தானே சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். வாண்டு மேஜைக்கு அடியில் உட்கார்ந்து பொம்மை வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்காரி மாத்திரையைப் பாலில் கரைத்துக்கொண்டே, என்ன பேசப் போகிறீர்கள் என்று கேட்டாள்.  இஸ்திரிப் பெட்டி சட்டைக் கையின் மேல் அப்படியே நின்றது. லேசாகப் புகை வாடை வந்த பிறகுதான் அவர் அதைத் தூக்கினார்.

"தூங்கிட்டீங்களா?"

"இல்ல, யோசிச்சிட்டிருந்தேன்."

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. கண் பாதி திறந்தபடியே தூங்குவார். கல்யாணமான புதிதில் அவள் அதைப் பார்த்துப் பயந்துபோய் உலுக்கியிருக்கிறாள். பிறகு கேலியாகிவிட்டது, அதற்கும் பிறகு கவனிப்பதையே விட்டுவிட்டாள். நிலையத்திலிருந்து வந்த காலையில் ரொட்டியை வாய்வரை கொண்டுபோய் அப்படியே உட்கார்ந்திருப்பார். வாண்டு அவர் காதருகில் போய் "பாம்" என்று கத்துவாள். அவர் திடுக்கிட்டு எழுந்து பூட்ஸைத் தேடுவார். வீடே சிரிக்கும்.

கண்ணாடிக்காரி வாண்டுவைக் கீழ்வீட்டுத் தையல்காரியிடம் விட்டாள். சின்னவன் படுத்ததிலிருந்து அந்த அம்மாள்தான் கைகொடுக்கிறாள். ஆனால் நேற்று அவளே தயங்கித் தயங்கி, பிள்ளைக்கு ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால் தன்னால் தாங்க முடியாது, வேறு ஏற்பாடு பாருங்கள் என்று சொல்லிவிட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. கண்ணாடிக்காரி கடைக்கு அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

கட்டைப் பிரித்தபோது அவள் தம்பியின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் ஒவ்வொரு விரலாக மடக்கச் சொன்னார். இடது கை மெதுவாக மடங்கியது. வலது கையில் இரண்டு விரல்கள் மடங்க மறுத்தன. இன்னும் பயிற்சி இருக்கிறது, காலம் இருக்கிறது என்று டாக்டர் சொன்னார். மறுபடி குழாய் பிடிக்க முடியுமா என்று சின்னவன் கேட்டான். அதற்கு அவர் நேராகப் பதில் சொல்லாமல், முதலில் கரண்டி பிடிப்போம் என்றார்.

டாக்டர் போன பிறகு, கரண்டி பிடித்தால் சமையல்காரனாகிவிடலாம், வாண்டுவுக்குத் தினமும் பண்டம் செய்து போடலாம் என்று அவன் பேசிக்கொண்டே போனான். அவள் சிரிக்கவில்லை. இன்று அத்தான் பழைய முறையே வேண்டும் என்று பேசப்போவதைச் சொன்னாள்.

"நல்லா பேசச் சொல்லுக்கா. என் பக்கம் எல்லாம் முடிஞ்சிருச்சு."

"என்ன முடிஞ்சிருச்சு?"

முந்தாநாள் விசாரணை அதிகாரி வந்திருக்கிறார். ஹாரன் கேட்டதா என்று கேட்டிருக்கிறார். கேட்டது, இன்னும் கொஞ்சம் அணைத்துவிட்டுப் போகலாம் என்று தானாகத்தான் நின்றேன், தப்பு என் மேல்தான் என்று சின்னவன் சொல்லிவிட்டானாம். அதை அவன் ஏதோ பஸ்ஸைத் தவறவிட்டதைச் சொல்வது மாதிரி சொன்னான்.

கண்ணாடிக்காரிக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஹாரன் கேட்டும் வராதவன் என்று முடிவாகிவிட்டால், அது வேலையில் பட்ட காயமாகாது. கையும் போய், வேலையும் போய், கட்டுப்பாடு இல்லாதவன் என்ற பேரோடு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அறிவிருக்கிறதா என்று கேட்க வாயெடுத்தவள், கேட்காமல் நின்றுவிட்டாள்.

சின்னவனுக்கு நிலையத்தில் ஒரு பட்டப்பேர் உண்டு: முதல் ஹாரன். மூன்று முறை அடிக்கிற ஹாரனில், முதல் சத்தம் முடியும் முன்பே வெளியே வந்து நிற்கிற ஆள் அவன். பயந்தாங்கொள்ளி என்று மற்றவர்கள் ஓட்டுவார்கள். "உங்களுக்கு வீரம் இருக்கு, எனக்கு அக்கா இருக்கா" என்று அவன் திருப்பிச் சொல்வான். அவளுக்கு அதில் ரகசியமாக ஒரு பெருமையே இருந்தது.

"மூணு ஹாரன் கேட்டு நீ உள்ள நின்னியா?" என்று அவள் மெதுவாகக் கேட்டாள்.

அவன் ஜன்னலைப் பார்த்தான்.

"ஹாரனே அடிக்கலையாடா?"

"அக்கா, விடு. ஒரு ஆள் போனாப் போதும். ரெண்டு பேரும் போயிட்டா வாண்டுவ யாரு பாத்துக்குவா?"

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. அன்று காலை வாண்டுவுக்கு வலிப்பு வந்தது அவளுக்கும் தெரியும். பிள்ளை தெளிந்து, அக்கா கையில் கொடுக்கும்வரை சின்னவனால் கிளம்ப முடியவில்லை. நிலையத்தில் ஒரு வழக்கம்: மாற்ற வேண்டிய ஆள் வந்து தோளைத் தட்டினால்தான் பழைய ஆள் இடத்தை விட்டுப் போகலாம். இரவெல்லாம் மாறி மாறி அழைப்பு வந்து ஓடிய பம்ப்காரர், மச்சானுக்காக நின்றார். மணி அடித்தது, வண்டி கிளம்பியது, அவரும் போனார். சின்னவன் பைக்கில் நேராகக் கிடங்குக்குப் போய் அவர் தோளைத் தட்டினான். நீங்கள் கிளம்புங்கள், பம்பை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றான்.

"வேணாம், ஏற்கெனவே ஆள் பத்தல, நீ உள்ள போ, நான் பம்புல நிக்கறேன், அலுப்பா இருக்கற ஆளு வெளிய நிக்கறதுதான் நல்லதுன்னாரு. சரியாத்தானே சொன்னாரு? உள்ள ஒருத்தன் தள்ளாடினா எல்லாருக்கும் ஆபத்து. பம்புல என்ன, நிக்கறதுதானே வேலைன்னு நானும் நினைச்சேன்." அவன் கைகளைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டான். "நான் நேரத்துக்குப் போயிருந்தா அவரு வீட்டுல தூங்கியிருப்பாருக்கா."

பஸ்ஸில் அவளுக்கு உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே போனாள். தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. ஊரார் கண்ணையெல்லாம் பார்க்கிறவள், வீட்டுக் கண்ணைப் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்பதும் பொய். அவர் வீட்டில் இருக்கும் அந்த இரண்டு நாள் அவளுக்கு வேண்டியிருந்தது, அதனால் பார்க்க விரும்பவில்லை.

வாயை மூடிக்கொண்டிருந்தால் வேலை முறை மாறாது, அவர் வேலை நிற்கும், வாண்டுவுக்குப் பாதுகாப்பு. தம்பி மட்டும் போவான். வாயைத் திறந்தால் தம்பி பேர் தப்பும், வீடு சாயும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று ஒரு மனம் சொன்னது. எந்தப் பக்கத்துக்கு அப்படிச் சொன்னது என்றுதான் அவளுக்குப் புரியவில்லை.

நிலையத்து முற்றத்தில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். கழுவின குழாய்கள் அவற்றை உலர்த்தும் கோபுரத்திலிருந்து தொங்கிச் சொட்டிக்கொண்டிருந்தன. பம்ப்காரர் வண்டியின் மறைவில் தனியாக நின்று பேச வேண்டியதை முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டைக் கையில் காலையில் தீய்ந்த தடம் பழுப்பாகத் தெரிந்தது.

கடையில் அவள் கண்ணாடிகளை மாற்றி மாற்றிப் போட்டு, இது தெளிவா, அது தெளிவா என்று கேட்பாள். அந்த நாற்காலியில் உட்கார்ந்து யாரும் பொய் சொன்னதில்லை. அதே நிதானமான குரலில்தான் இப்போதும் கேட்டாள்.

"அன்னிக்கு ஹாரன் அடிச்சீங்களா?"

"அடிச்சேன்."

"என்னைப் பாத்துச் சொல்லுங்க."

"அடிச்சேன்னு எத்தனை தடவ சொல்றது?" என்று அவர் அவள் தோளைப் பார்த்துச் சொன்னார்.

விசாரணையில் சின்னவன் சொன்னதை அவள் சொன்னாள். அவர் முகம் சாம்பல் பூத்துப்போனது. எதையோ சொல்ல வந்தார். அதற்குள் அவரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

தலைமை அலுவலகக் குழுவின் தலைவி மூக்கு நுனியில் இறங்கிய கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார். ஆட்கள் ஒவ்வொருவராகப் பேசினார்கள். தினமும் வரப்போக என்றால் வழியிலேயே பாதி உயிர் போய்விடும் என்றார் தொலைவில் குடியிருக்கும் ஒருவர். ஒன்றாகச் சாப்பிட்டு ஒன்றாகப் படுத்து எழுகிறவர்களுக்குத்தான் புகைக்குள் ஒருவன் மூச்சை வைத்து ஆளைத் தெரியும், தீ எரிகிற நடுவில் ஆள் மாறுவதுதான் ஆபத்து என்றார் இன்னொருவர். எட்டு மணி நேரம் ஆக்கினால் தினமும் பெண்டாட்டி முகத்தில் முழிக்க வேண்டும் என்று ஒரு குறும்புக்காரர் சொல்ல, பின்வரிசையில் அவர் பெண்டாட்டியே சிரித்தாள்.

எதிர்த்துப் பேசியவர்களும் இருந்தார்கள். வண்டி ஓட்டுகிற பெரியவர் ஒருவர், வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் சிக்னலில் தூங்கிச் சுவரில் மோதியதைச் சொன்னார். இரவில் மூன்றாவது அழைப்புக்கு அப்புறம் கை தன் பேச்சைக் கேட்பதில்லை என்றார். அதைக் கேட்டு யாரும் சிரிக்கவில்லை.

பம்ப்காரர் எழுந்தார். நன்றாகத்தான் பேசினார். தன் பெண்ணுக்குப் பல்லு விழுந்ததைத் தான் பார்த்ததும், அவளுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்ததும், எத்தனையோ வலிப்பில் அவள் தலை தன் மடியில் இருந்ததும் இந்த வேலை நேரத்தால்தான் என்றார். வேறு எந்த அப்பனுக்கும் வாரத்தில் இத்தனை பகல் கிடைக்காது என்றார். சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. கைதட்டினார்கள்.

"கிடங்குல அன்னிக்குப் பம்புல நீங்கதானே?" என்று குழுத் தலைவி கேட்டார். "அலுப்பா இருந்துச்சா?"

"பழகிப்போச்சு மேடம்."

அடுத்து குடும்பத்தார் யாராவது பேசலாம் என்றார்கள். கண்ணாடிக்காரி எழுந்தாள். அவளும் அவர் பக்கம்தான் பேசுவாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். காலையில் கிளம்பும்போது அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

தான் பேச வரவில்லை, ஒன்றே ஒன்று கேட்க வேண்டும் என்றாள். "அந்த வண்டி ஹாரன் எவ்வளவு சத்தமா இருக்கும்னு எனக்குத் தெரியணும். அவரையே மூணு தடவ அடிச்சுக் காட்டச் சொல்லுங்க."

குழுத் தலைவி கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு யோசித்தார், சரி என்றார். பம்ப்காரர் மனைவியைப் பார்த்தார். இந்த முறை கண்ணைத்தான் பார்த்தார். பிறகு போய் வண்டியில் ஏறினார்.

எல்லாரும் காத்திருந்தார்கள். கை ஹாரன் மேல் இருந்தது. குழாய்களிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது. யாரோ இருமினார்கள். அவர் அழுத்தவில்லை.

"அடிங்க" என்றார் குழுத் தலைவி.

"அன்னிக்கும் இப்படித்தான் மேடம்." வண்டிக்குள்ளிருந்து குரல் சன்னமாக வந்தது. "கண்ணு திறந்துதான் இருந்துச்சு. தண்ணி அளவு காட்டற முள்ளையேதான் பாத்துக்கிட்டிருந்தேன். அது இறங்கினது எனக்குத் தெரியல. அவன் கத்தின சத்தத்துலதான் முழிச்சேன். அவன் ஹாரன் கேட்டுச்சுன்னு சொன்னது பொய். அடிச்சாத்தானே கேக்கும்."

 நிலைய அதிகாரி எழுந்து, மறுபடி உட்கார்ந்தார்.

அந்த நேரம் பார்த்து நிலையத்து மணி அடித்தது. எங்கோ தீ. பணியிலிருந்த ஆட்கள் நாற்காலிகளைத் தள்ளிவிட்டு ஓடினார்கள். பம்ப்காரரின் கை பழக்கத்தில் ஹெல்மெட்டைத் தேடியது. ஒருவர் ஏறி வந்து அவர் தோளைத் தட்டினார். அன்று பம்ப்காரருக்கு வேலை நாளே இல்லை. தட்ட வேண்டிய அவசியமும் இல்லை. அவர் இறங்கி வழிவிட்டார்.

வண்டி வாசலைத் தாண்டும்போது ஓட்டுநர் ஹாரனை அழுத்தினார். குழுத் தலைவி இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். தெருமுனை திரும்பி, அதற்கு அப்பாலும் வெகுதூரம்வரை அது கேட்டுக்கொண்டே இருந்தது. எந்தத் தீயின் இரைச்சலும் அதை மறைத்திருக்காது என்று அங்கிருந்த எல்லாருக்கும் தெரிந்தது.

நாளையிலிருந்து வர வேண்டாம், சொல்லி அனுப்பும்போது வந்தால் போதும் என்று நிலைய அதிகாரி சொன்னார். பம்ப்காரர் தலையாட்டினார். கணவனும் மனைவியும் வாசலுக்கு வந்தார்கள். அவள் அழுதுகொண்டிருந்தாள், ஆனால் நடையைத் தளர்த்தவில்லை.

"வாண்டுவ இனிமே யாரு பாத்துக்குவா?" என்று அவர் கேட்டார்.

"நீங்கதான். இனிமே தினமும்."

அதைச் சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கொடூரமான பதில் என்று அவளுக்கு உறைத்தது. திருப்பி வாங்கிக்கொள்ளத் தோன்றவில்லை.

பையில் போன் அடித்தது. தையல்காரியோ என்று பதறி எடுத்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ். உங்கள் தம்பி பேச வேண்டும் என்கிறார், போனை அவர் காதில் பிடிக்கிறேன் என்றாள். பின்னாலேயே சின்னவனின் குரல் உற்சாகமாக வந்தது.

"அக்கா, அத்தான் பேசிட்டாரா? எல்லாரும் கைதட்டினாங்களா?"

அவள் போனைக் கணவனிடம் நீட்டினாள். பம்ப்காரர் அதை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு, நடுத்தெருவில் நின்றார். சொல்ல வேண்டியதை அவரே சொல்லட்டும் என்று அவள் முன்னால் நடந்தாள். வாண்டுவுக்கு மருந்து நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.